"போன வாரமும் இதையேதானே சொன்னீங்க, அப்பா?"

கடுகுவிதை:

எங்கள் வீட்டில் படுக்கப்போகுமுன் குடும்ப ஜெபம் உண்டு. ஒரு பாட்டு, ஒரு வேதப்பகுதி, அப்புறம் ஆளுக்கொரு நன்றி. என் முறை வந்தால் வாய் தானாக ஓடும்: "ஜீவன் தந்தீர், சுகம் தந்தீர், பெலன் தந்தீர், கண்மணிபோல் காத்தீர், ஸ்தோத்திரம்." போன மாதம் ஒருநாள் ஆமென் சொல்லி முடித்ததும் எட்டு வயது மகள், "போன வாரமும் இதையேதானே சொன்னீங்க, அப்பா?" என்றாள். சிரித்துவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். சொல்கிற நன்றி அன்றைக்கு நடந்ததற்காக இருக்கவேண்டும், ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லக்கூடாது. முதல் மூன்று நாள் சுலபமாகப் போயிற்று. நான்காம் நாள் எவ்வளவு யோசித்தும் அலுவலகத்தில் வாங்கிய திட்டைத் தவிர ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. காலையிலிருந்து கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன்!

கத்தோலிக்க நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, 16-ஆம் நூற்றாண்டில் புனித இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்மசோதனையைப் பற்றிச் சொன்னார். அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஜெபம் அது. அதன் முதல் படி பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதாம். குற்றங்குறைகளைத் தேடுவது அதற்கப்புறம்தான். நான் இத்தனை வருடமும் குற்றத்தில் தொடங்கி, நன்றிக்கு வருவதற்குள் கொட்டாவி விட்டிருக்கிறேன்.

"எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள், எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்." 1 தெசலோனிக்கேயர் 5:16-18 நமக்கெல்லாம் மனப்பாடம். விளக்கம் வேண்டாம், பிரசங்கம் நிறையக் கேட்டாயிற்று. உங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லுங்கள்.

நைட் ஷிப்ட்:

நான் செவிலி. 'இடைவிடாமல்' என்ற வார்த்தை பல வருடம் என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தது. பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிவிடுவேன்.

ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் போவதற்குள் கையைச் சுத்தம் செய்யவேண்டும். சோப்பு போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். ஒருநாள் குழாயடியில் நிற்கும்போது தோன்றியது, அவ்வளவு நேரத்தில் கர்த்தருடைய ஜெபத்தை நிதானமாகச் சொல்லிவிடலாமே என்று. 'எங்களுக்கு', 'எங்களை' என்று வரும் இடங்களில், சற்றுமுன் தொட்டுவிட்டு வந்தவரையும் மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன். அதுவே பழக்கமாகிவிட்டது.

பத்து நிமிடத்துக்கொரு முறை மணி அடித்து, தலையணையைத் திருப்பிப் போடச் சொல்கிற ஒருவர் இருந்தார். ஒவ்வொரு முறையும் குழாயடியில் அவருக்காக ஜெபித்துவிட்டு அவரிடமே எரிந்துவிழ முடியவில்லை. முயன்று பார்த்தேன், வரவில்லை.

இன்னொரு ராத்திரி, என் தம்பி வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். குழாயைத் திறந்தேன். "பரமண்டலங்களிலிருக்கிற" என்பதோடு நின்றுவிட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ரோமர் 8:26-இல் 'வாக்குக்கடங்காத பெருமூச்சுகள்' என்று வருமே, அந்தப் பெருமூச்சு மட்டும்தான் அன்று இருந்தது. அதை ஜெபம் என்று சொல்லலாமா என்று நான் யாரையும் கேட்கவில்லை.

பத்தில் ஒருவன்:

என்னுடையது சின்னது. ஒரு தேர்வில் தேறுவதற்காக ஜெபிக்கச் சொல்லி எங்கள் போதகருக்கு ஆறு மாதம் தொல்லை கொடுத்தேன். தேறினேன். வேலை கிடைத்தது, ஊர் மாறினேன். இரண்டு வருடம் கழித்து அவரைப் பார்த்தபோது பேச்சுவாக்கில், "அந்தப் பரீட்சை பாஸாயிட்டேன் ஐயா" என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து, பேனாவால் ஒரு வரியை அடித்தார். "இன்னைக்கு காலையிலகூட ஜெபிச்சேன் தம்பி" என்றார்.

லூக்கா 17-இல் இயேசுவால் குணமான பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்த ஒருவனாகத்தான் என்னை எப்போதும் நினைத்துக்கொள்வேன். மற்ற ஒன்பதுபேரும் கெட்டவர்கள் இல்லை, வேலை கிடைத்து ஊர் மாறியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

சத்தமில்லா வாசகி:

இவ்வளவு நாள் படித்துவிட்டுப் போய்விடுவேன். இது எழுதச் சொல்கிறது.

எங்கள் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. ஆறுதல் சொல்ல வந்த ஒருவர் என் கட்டிலருகே நின்று, "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யணும் சிஸ்டர், இதுவும் தேவசித்தம்" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஐந்து மாதம் ஜெபிக்கவில்லை. ஆலயத்துக்குப் போவேன், பாட்டுக்கு வாயசைப்பேன், ஆசீர்வாதம் கூறுமுன் வெளியே வந்துவிடுவேன்.

ஒருநாள் சபையில் உள்ள வயதான அம்மா ஒருவர் வீட்டுக்கு வந்தார். அதற்குமுன் அவரோடு பேசியதுகூடக் கிடையாது. எதுவும் விசாரிக்கவில்லை. ஒரு சங்கீதம் வாசிக்கட்டுமா என்று மட்டும் கேட்டார். 13-ஆம் சங்கீதம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும். முதல் இரண்டு வசனத்துக்குள் 'எதுவரைக்கும்' நான்கு முறை வருகிறது. நான் ஐந்து மாதமாகச் சொல்லப் பயந்த கேள்வி வேதத்திலேயே அச்சாகிக் கிடந்திருக்கிறது.

மொத்தம் ஆறே வசனம். நான்காவதோடு நிறுத்திவிட்டு வேதத்தை மூடினார். மீதி இரண்டும் நம்பிக்கையும் பாட்டுமான வசனங்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். "மீதிய நீ எப்ப முடியுதோ அப்ப வாசிச்சுக்கோம்மா" என்றார். அன்றுதான் அழுதேன். அந்த இரண்டு வசனத்தை நான் வாசிக்க இன்னும் எட்டு மாதம் ஆயிற்று.

குழந்தை இறந்ததற்காக நான் ஸ்தோத்திரம் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். வசனம் 'எல்லாவற்றிலேயும்' என்கிறது. அந்த இருட்டுக்குள் இருந்தபடியே, நான்காம் வசனத்தில் நிறுத்தத் தெரிந்த அந்த அம்மாவுக்காகச் சொன்னேன்.

பெரோயா பட்டணத்தான்:

சகோதரிக்கு என் அனுதாபங்கள். ஆனால் வேதத்தை வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் அல்லவா? எபேசியர் 5:20 'எல்லாவற்றிற்காகவும்' என்றே சொல்கிறது. மூல மொழியிலும் அங்கே வேறு முன்னிடைச்சொல்தான். 'லேயும்' என்ற உருபை மட்டும் பிடித்துக்கொண்டு தப்பிக்க முடியாது.

சத்தமில்லா வாசகி:

தெரியும் பிரதர், அந்த வசனத்தையும் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். யோவான் 11 பாருங்கள். நண்பன் லாசரு இறந்துபோயிருக்கிறான், 35-ஆம் வசனத்தில் இயேசு கண்ணீர் விடுகிறார். கல்லறையின் கல்லை எடுத்ததும், 41-இல் பிதாவை ஸ்தோத்திரிக்கிறார். எதற்காக? "நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால்." லாசரு செத்ததற்காக என்று அங்கே இல்லை. எபேசியருக்கு என்னிடம் பதில் கிடையாது. 13-ஆம் சங்கீதத்தின் மீதி இரண்டு வசனம்போல அதையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

பெரோயா பட்டணத்தான்:

சரி சிஸ்டர். உருபைப் பற்றிப் பேச இது இடமில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஹெட்செட்:

கொஞ்சம் லேசாக ஒன்று. எனக்கு வாடிக்கையாளர் சேவையில் வேலை. அழைப்பு காதில் விழுவதற்கும் நான் வணக்கம் சொல்வதற்கும் நடுவில் ஒரு 'பீப்' வரும். அந்தப் பீப்பில் "ஆண்டவரே" என்பேன். அவ்வளவுதான் என் ஜெபம். நெகேமியா 2:4-இல் பாரசீக ராஜா தன் பானபாத்திரக்காரனான நெகேமியாவிடம் கேள்வி கேட்கிறார், அவர் பதில் சொல்லுமுன் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபிக்கிறார். அதிகபட்சம் ஒரு மூச்சு நேரம் இருந்திருக்குமா? இதைச் சொல்லி நண்பர்களிடம் பெருமைப்பட்டுக்கொள்வேன், நானும் நெகேமியா கட்சி என்று.

அப்புறம் ஒருநாள் முதல் அதிகாரத்தைச் சேர்த்துப் படித்தேன். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறதைக் கேள்விப்பட்டு, கிஸ்லேவ் என்ற யூத மாதத்தில் உட்கார்ந்து அழுது, உபவாசித்து, ஜெபிக்கத் தொடங்கியவர். ராஜா கேட்டது நிசான் மாதத்தில். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம்! அந்த ஒரு மூச்சுக்குப் பின்னால் அத்தனை நாள் இருந்திருக்கிறது. என் பீப்புக்குப் பின்னால் ஒன்றுமில்லை. இப்போது காலையில் பதினைந்து நிமிடம் முன்னதாக எழுந்திருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் முடிகிறது. மற்ற நாட்களில் பீப்தான்.

பேரன்:

கடுகுவிதை பிரதர், உங்கள் வீட்டுக் கட்டுப்பாட்டில் என் பாட்டி முதல் நாளே தோற்றுவிடுவார்.

அவருக்கு மறதிநோய். நான் யாரென்று தெரியாது. சாயங்காலம் பக்கத்தில் உட்காருவேன். போர்வை நழுவினால் இழுத்துவிடுவேன். உடனே கையைக் குவித்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, யாரோ ஒரு நல்ல பிள்ளைய அனுப்பியிருக்கீரே" என்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி நழுவும். மறுபடி இழுத்துவிடுவேன். அதே வார்த்தை, அதே ஆச்சரியம். ஒருநாள் சாயங்காலம் எண்ணினேன், ஏழு முறை. ஏழு முறையும் அவருக்கு அது முதல் முறைதான்.

எல்லா நாளும் இப்படி என்று நினைத்துவிடவேண்டாம். பயந்து கத்துகிற நாட்கள் உண்டு. என் கையைக் கடித்ததும் உண்டு. அந்த நாட்களில் நான் 103-ஆம் சங்கீதத்தை ஆரம்பித்துவைப்பேன். "அவர் செய்த சகல உபகாரங்களையும்" என்று நிறுத்தினால், சிலநேரம் அவர் கண்ணைத் திறக்காமலே "மறவாதே" என்று முடிப்பார். முதல் தடவை கேட்டபோது எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

கடுகுவிதை:

எல்லாருடையதையும் வீட்டில் வாசித்துக் காட்டினேன். பாட்டியின் கதை முடிந்ததும் மகள் ரொம்ப நேரம் யோசித்து, "சரி, அந்தப் பாட்டிக்கு மட்டும் ரூல் கிடையாது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

நேற்று ராத்திரி அவள் முறை வந்தது. "ஜன்னல்ல பூனை வந்து உக்காந்துச்சு, ஸ்தோத்திரம்." முந்தாநாளும் அதே பூனைக்குத்தான் நன்றி சொல்லியிருந்தாள். விடுவேனா? "இது ஏற்கெனவே சொன்னதாச்சே" என்றேன்.

"முந்தாநாள் வந்தது வேற அப்பா, இன்னைக்கு வந்தது வேற" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.