ஒரு வருடப் புளியும் நான்கு சதுர மீட்டர் நிலவறையும்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து ஜெர்மனிக்கு வரும் தம்பி தங்கைகள், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, என்னென்ன எடுத்து வர வேண்டும்?" என்பதுதான். ஆறு வருடமாக ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். "அதையெல்லாம் எங்கே வைப்பது?" என்று புறப்படும் முன் ஒருவர்கூடக் கேட்டதில்லை. வந்து மூன்றாவது மாதம் கேட்கிறார்கள். அதற்குள் கட்டிலுக்கு அடியில் பெட்டி, பெட்டிக்கு மேல் குக்கர், குக்கருக்குள் மிளகாய்த்தூள் என்று ஆகியிருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

தருமபுரியில் எங்கள் வீடு வருடக் கணக்கில் பொருள் சேர்க்கவென்றே கட்டியது. ஆயா காலத்தில் நிலத்தில் குழி வெட்டி, சுற்றிலும் வைக்கோல் கொடுத்து, ராகியைக் கொட்டி மூடிவிடுவார்களாம். மழை பொய்த்த வருடம் அந்தக் குழிதான் களி போட்டது. ராகி தானியமாக இருக்கும்வரை பூச்சி அதை எளிதில் அண்டாது. இன்று குழி இல்லை, பழக்கம் மட்டும் இருக்கிறது. மாசி, பங்குனியில் புளி தட்டி, கொட்டை எடுத்து, கல் உப்புப் போட்டுப் பானையில் அடைத்தால் அடுத்த மாசி வரை கவலை கிடையாது. சித்திரை, வைகாசியில் ஊறுகாய் ஜாடிகள். சமையலறையிலும் படுக்கையறையிலும் சிமெண்ட் பரண். பரண் நிறைந்திருந்தால்தான் அம்மாவுக்குத் தூக்கம் வரும்.

இங்கே பரண் கிடையாது, சுவரோடு கட்டிய அலமாரியும் கிடையாது. பல வாடகை வீடுகளில் சமையலறை என்பதே நான்கு சுவரும் ஒரு தண்ணீர் இணைப்பும்தான். தொட்டி, அடுப்பு, மேடை எல்லாவற்றையும் முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். வீடு பார்க்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். பரணுக்குப் பதிலாகக் கட்டடத்தின் அடியில் "கெல்லர்" என்று ஒரு நிலவறை ஒதுக்குவார்கள். மரச்சட்டம் அடித்த தடுப்பு, கதவில் ஓர் எண், பூட்டு நம் செலவு. எனக்கு வாய்த்தது நான்கு சதுர மீட்டர். அதைப் பார்த்ததும் நம் ஊர்ப் பரண் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

முதல் முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மா ஐந்து கிலோ ராகி மாவு, மூன்று கிலோ புளி, இரண்டு கிலோ கொள்ளு கட்டிக் கொடுத்தார். ஒரு கிலோ மாவை மேலே வைத்துக்கொண்டு மீதியைத் துணிப்பையோடு கெல்லரில் இறக்கினேன். செப்டம்பரில் பையைப் பிரித்தால் வாயருகே மாவு சிறு சிறு உருண்டைகளாக, சிலந்தி நூலில் கோத்ததுபோல் தொங்கியது. முகர்ந்தால் சிக்கு வாடை. உள்ளே நன்றாக இருக்கும், சலித்துக்கொள்ளலாம் என்று அதைச் சமையலறைக்கே தூக்கி வந்தேன் பாருங்கள், அந்த அறிவுக்குத் தனியாகப் பரிசு கொடுக்க வேண்டும். இரண்டே வாரத்தில் கூரையெங்கும் அந்துப்பூச்சி. அரிசி டப்பா, ரவை, முந்திரி என்று ஒன்று பாக்கியில்லை. மூடியின் மரைக்குள்கூடப் புழு நெளிந்தது.

கடையில் விற்கும் ஒட்டுப்பொறி ஆண் பூச்சியைத்தான் இழுக்கும். வீட்டில் பூச்சி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள உதவுமே தவிர முழுதாக ஒழிக்காது. எதிர்வீட்டு அம்மையார் வேறு வழி சொன்னார்: குளவி. அரை மில்லிமீட்டர்கூடத் தேறாத ஒருவகைக் குளவியை அட்டையில் ஒட்டித் தபாலில் அனுப்புகிறார்கள். அது அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். அந்து முட்டை தீர்ந்ததும் குளவியும் மடிந்துவிடும். சில வார இடைவெளியில் அட்டையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தொலைபேசியில் "வீட்டில் குளவி விட்டிருக்கிறேன்" என்று சொன்னதற்கு அம்மா, "மருமகளுக்கு ஏதாவது விசேஷமா?" என்று கேட்டுவிட்டார். குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்ற கணக்கு. விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

ஆகவே மாவு இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். வந்து இறங்கிய அன்றே உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம், பிறகு ரப்பர் வளையம் போட்ட கண்ணாடி ஜாடி. தீர்ந்தால் இலங்கைத் தமிழர் கடைக்குப் போங்கள். ராகி என்று கேட்டு இல்லையென்றால் "குரக்கன் மா" என்று கேளுங்கள், நம் மாவேதான். புளி மட்டும் எதையும் தாங்கும், அந்த மூன்று கிலோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நெய், பால்கோவாவைப் பெட்டியில் வைக்காதீர்கள், பால் பொருளுக்கு இங்கே அனுமதி இல்லை. 2019 டிசம்பர் 14 முதல் வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியன் தவிர மற்றப் பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறார்கள். கிருஷ்ணகிரி மாம்பழத்தை அங்கேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

கெல்லரில் என்ன வைக்கலாம்? சைக்கிள், காரின் குளிர்காலச் சக்கரங்கள், ஒன்றுக்குள் ஒன்று போட்ட பயணப் பெட்டிகள், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள். ஈரம் ஏறும் என்பதால் எல்லாம் தரையிலிருந்து ஒரு செங்கல் உயரத்திலாவது இருக்கட்டும். துணி, புத்தகம், சான்றிதழ் கூடவே கூடாது. மேலே வீட்டிலும் இதே ஈரம்தான் எதிரி. வெளிச்சுவரை ஒட்டி அலமாரியைத் தள்ளிவிட்டால் குளிர்ந்த சுவரில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். என் மனைவியின் கல்யாணப் பட்டு அப்படித்தான் ஓரம் முழுக்கக் கறை வாங்கியது. ஐந்து, பத்து சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். தினமும் இரண்டு மூன்று முறை, பனிக்காலத்திலும், ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விடுங்கள்.

செருப்பை வாசலுக்கு வெளியே விடுவது நம் வழக்கம். இங்கே மாடிப்படி தீ விபத்தில் தப்பும் வழி, செருப்பு ரேக்கு வைத்தால் கடிதம் வரும், எனக்கு வந்தது. ஸ்டுட்கார்ட் பக்கம் "கேர்வோகெ" என்று படிக்கட்டைக் கூட்டும் முறைவாரமும் உண்டு. உங்கள் முறை வரும்போது கதவில் பலகை தொங்கும். அந்த வாரம் விடுமுறையில் ஓடாதீர்கள்.

தூக்கிப் போடுவதும் இங்கே ஒரு வேலை. கட்டில், சோபாவை நகராட்சியிடம் முன்பதிவு செய்துதான் தெருவில் வைக்க முடியும். நல்ல நிலையில் உள்ளதை ஒரு பெட்டியில் போட்டு "ட்சு ஃபெர்ஷெங்கன்", அதாவது இலவசம், என்று எழுதி வாசலில் வைப்பவர்கள் உண்டு. எங்கள் தெருவில் தோசைக்கல்லைக்கூட யாரோ எடுத்துப் போனார்கள், என்ன சுட்டார்களோ. தண்ணீர் பாட்டிலை எண்ணெய் ஊற்றலாம் என்று சேர்க்காதீர்கள். முன்பணக் குறி உள்ள பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்ப வரும்.

காகிதத்தைப் பற்றி ஒரே எச்சரிக்கை. இங்கே எல்லாம் கடிதம்தான், எல்லோரும் இரண்டு துளை போட்டுக் கெட்டி அட்டைக் கோப்பில் அடுக்குவார்கள். காவேரிப்பட்டணத்து நண்பர் ஒருவர் அந்த உற்சாகத்தில் தன் பட்டச் சான்றிதழிலும் துளை போட்டுவிட்டார். அசலுக்குப் பிளாஸ்டிக் உறை போதும்.

இனி ஊரில் உள்ள பரண். போன பொங்கலுக்குப் போனபோது, அம்மா வேண்டாததையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார், போகிக்குள் ஒழித்துக் கட்டிவிடலாம் என்று ஏணி போட்டு ஏறினேன். அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கித் திண்ணையில் வரிசையாக வைத்து, இது யாருடையது என்று கேட்டுக்கொண்டே வந்தோம். பத்தொன்பது பெட்டியில் பதினொன்று என்னுடையது. கல்லூரி ரெக்கார்டு நோட்டுகள், கை உடைந்த டிராஃப்டர், ஓடாத கணினி, 2011இல் வாங்கிய டிவியின் தெர்மகோல். நான் ஊரை விட்டுக் கிளம்பும்போது "அப்புறம் வந்து பார்க்கிறேன்" என்று ஏற்றியவை. அம்மா ஆறு வருடமாக ஒவ்வொரு போகிக்கும் அவற்றைத் தூசி தட்டித் திரும்ப ஏற்றி வைத்திருக்கிறார், அறுபத்தெட்டு வயதில், அதே ஏணியில். நோட்டுகளைப் பழைய பேப்பர்க்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டார். தெர்மகோலைக் கொளுத்தவில்லை, குப்பை வண்டியில் போட்டோம். பித்தளை அண்டாவில் மட்டும் நான் கை வைத்ததும் அம்மா, "அது உங்கள் ஆயா சீர், இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார். இருக்கிறது. கிளம்பும் முன் உங்கள் பெயர் போட்ட பெட்டியை நீங்களே இறக்கிவிடுங்கள்.

களி துடுப்பு எடுத்து வரலாமா என்று பாலக்கோட்டுத் தங்கை ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக. இரண்டடி நீளம் என்பதால் பெட்டியில் மூலைக்கு மூலை குறுக்காக வைத்தால்தான் அடங்கும். இங்கே எந்த இழுப்பறையிலும் நுழையாது. என்னுடையது குளிர்பதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் நிற்கிறது.