எல்லா நாளும் ஒரே வேகத்தில் ஓடுகிறேன்: கண்ட்ரி பாடல்களை ஓட்ட வாரத்துக்குள் எப்படிப் பிரித்து வைப்பது?

கேள்வி: அல்சூரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 42. பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஓடிவருகிறேன். செவ்வாயும் வியாழனும் ஏரிக்கரையைச் சுற்றி 6 கிலோமீட்டர், சனிக்கிழமை 5, ஞாயிறன்று கப்பன் பூங்காவில் 12 என்று வாரத்துக்கு 29 கிலோமீட்டர் ஆகிறது. செவ்வாய் என்றாலும் ஞாயிறு என்றாலும் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 20 விநாடிக்கும் 6 நிமிடம் 35 விநாடிக்கும் நடுவில்தான் என் வேகம் நிற்கிறது. 10 கிலோமீட்டரை இதுவரை 62 நிமிடத்தில் ஓடியதே என் சிறந்த நேரம். 60 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது ஓராண்டு ஆசை. ஒரு மாதமாக வலது முன்னங்கால் எலும்பின் உட்பக்கத்தில் வலி இருக்கிறது. ஓடத் தொடங்கும்போது வலித்து, இரண்டு கிலோமீட்டருக்குப் பின் மறைந்து, மறுநாள் காலையில் படிக்கட்டு இறங்கும்போது மீண்டும் வருகிறது.

ஓடும்போதெல்லாம் அமெரிக்க நாட்டுப்புற வழிவந்த கண்ட்ரி பாடல்களைத்தான் கேட்கிறேன். சிறுவயதில் காக்ஸ் டவுனில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் ஞாயிறு காலைதோறும் ஜிம் ரீவ்ஸின் குரல் ஒலிக்கும். 1964-இல் விமான விபத்தில் மறைந்துவிட்ட அந்தப் பாடகர், 1990களிலும் எங்கள் தெருவில் வாராவாரம் பாடிக்கொண்டிருந்தார். அம்மா தோசை வார்க்கும் ஓசையும் அந்தத் தாழ்ந்த குரலும் என் நினைவில் ஒன்றாகவே இருக்கின்றன. பின்னாளில் ஜானி கேஷ், பாட்ஸி கிளைன், ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மீட்டும் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் என்று ஆசை விரிந்தது.

இப்போது எல்லாம் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கின்றன. ஜானி கேஷ் வந்தால் கால் தானாக விரைகிறது. அடுத்து மெல்லிய பாடல் வந்தால் சோர்வு தெரிகிறது. வாரத்தை எப்படி அமைத்துக்கொள்வது, எந்த நாளுக்கு எந்தப் பாடல் பொருந்தும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். பாடலை அடியோடு விட்டுவிடச் சொல்லாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

பதில்: கப்பன் பூங்காவில் 14 ஆண்டுகளாக ஓடுபவர்

வணக்கம் நண்பரே. முதலில் வலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எலும்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். ஐந்தாறு அங்குல நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் மிகை உழைப்பால் வருவது. ஓட்டத்தைக் குறைத்தால் சில வாரங்களில் தணியும். விரல்நுனி அளவுள்ள ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, நடக்கும்போதும் படுத்திருக்கும்போதும் வலி தொடர்ந்தாலோ, ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் நுண்ணிய விரிசல் விழுந்திருக்க வாய்ப்புண்டு. அதை ஓடிச் சரிசெய்ய முடியாது.

இனி வேகத்துக்கு வருகிறேன். 10 கிலோமீட்டருக்கு 62 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 12 விநாடி. உங்களால் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க முடிகிற வேகம் ஏறத்தாழ அதுதான். நீங்களோ நான்கு நாளும் அதைவிடப் பத்து இருபது விநாடி குறைவான வேகத்தில் ஓடுகிறீர்கள். உடல் தேறுவதற்கு அது மிக விரைவு. வேகம் கற்பதற்கு மிக மெதுவு. நான் பயிற்சியில் உடன் ஓடிய பலருக்கும், எனக்கே முதல் நான்கு ஆண்டுகளும், இந்த நடுவேகம்தான் பழக்கமாகிப்போயிருந்தது. வியர்வை வருகிறது, ஓடிய நிறைவும் கிடைக்கிறது என்பதால் அதிலிருந்து வெளியே வர மனம் ஒப்புவதில்லை.

செவ்வாய், சனி, ஞாயிறு மூன்று நாளும் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 15 விநாடி முதல் 7 நிமிடம் 30 விநாடி வரை மெல்லோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைப் பார்ப்பதைவிட நல்ல அளவுகோல் உங்களிடமே இருக்கிறது: ஜிம் ரீவ்ஸ் பாடும் ஒரு முழு வரியை இடையில் மூச்சு வாங்காமல் கூடவே பாட முடிகிறதா என்று பாருங்கள். அவருடைய வரிகள் நீளமானவை, நிதானமானவை. மூச்சு திணறினால் அந்த வரியின் கடைசிச் சொல் உடைந்துவிடும். உடைந்தால் வேகத்தைக் குறையுங்கள், நடக்க வேண்டி வந்தாலும் நடங்கள். வலி முற்றிலும் தணிந்தபின் செவ்வாய் ஓட்டத்தின் முடிவில் மட்டும் இருபது விநாடி வீதம் நான்கு முறை, திணறாமல் விரைந்து ஓடிப் பாருங்கள்.

வியாழக்கிழமைதான் உழைப்புக்கு உரிய நாள். வலி இருக்கும் வரை, குறைந்தது இரண்டு வாரங்களாவது, அந்த நாளை அறவே விட்டுவிடுங்கள். பிறகு ஒரு வாரம் 400 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 நிமிடம் 16 விநாடியில், நடுவில் 200 மீட்டர் நடையுடன். மறு வாரம் 15 நிமிட மெல்லோட்டத்துக்குப் பின் 20 நிமிடம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 10 விநாடி என்ற வேகத்தில். அன்று மட்டும் பாடல் வேண்டாம் என்பேன். லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் கராகியோர்கிஸ் இசையையும் உடற்பயிற்சியையும் நெடுங்காலம் ஆராய்ந்தவர். மிதமான உழைப்பின்போது இசை களைப்புணர்வைக் குறைக்கிறது, உழைப்பு உச்சத்தை நெருங்கும்போது உடலின் குரலே மேலோங்கி இசையின் பயன் மங்கிவிடுகிறது என்பது அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் முடிவு. பாடல் உங்களுக்குத் துணை நிற்பது மெல்லோட்ட நாட்களில்தான். ஆகவே நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை.

பதில்: காக்ஸ் டவுன் தேவாலயப் பாடகர் குழுவில் கிதார் வாசிப்பவர்

அண்ணா, ஜிம் ரீவ்ஸ் பெயரைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் தாத்தா காலத்து இசைத்தட்டுகளை இன்றும் துடைத்து வைத்திருக்கிறோம்.

பாடலைக் குரலை வைத்துத் தேர்ந்தெடுக்காமல் காலப்பிரமாணத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பதினைந்து விநாடிக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று தொடையில் தட்டி எண்ணி, நான்கால் பெருக்கினால் நிமிடக் கணக்கு வந்துவிடும். ஜான் டென்வரின் ‘டேக் மீ ஹோம், கண்ட்ரி ரோட்ஸ்’ (1971) நிமிடத்துக்குச் சற்றேறக்குறைய 80 தட்டு கொண்டது. ஒரு தட்டுக்கு இரண்டு காலடி வைத்தால் 160 காலடி ஆகிறது. மெல்லோட்டத்துக்கு அது பலருக்கும் இதமாக அமையும்.

ஜானி கேஷ் உங்களை ஏன் விரட்டுகிறார் என்பதற்கும் காரணம் உண்டு. ‘ஐ வாக் த லைன்’ (1956) பதிவில் முரசே இல்லை. கேஷ் ஒரு காகிதத்தைக் கிதார் தந்திகளுக்கு இடையே செருகி வாசித்தார். சிறு முரசைத் துடைப்பக் குச்சியால் தட்டியது போன்ற ‘சக் சக்’ ஒலி அதிலிருந்துதான் வருகிறது. பத்து ரூபாய் நோட்டை மடித்து, கிதாரில் தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டையின் அருகே ஒரு தந்திக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாகக் கோத்து நானும் வாசித்துப் பார்த்தேன். தந்தியின் நாதம் அடங்கி, தட்டு மட்டும் எஞ்சுகிறது. ஒவ்வொரு தட்டுக்குள்ளும் கீழ்த் தந்தி ஒரு முறையும் மேல் தந்திகள் ஒரு முறையும் ஒலிப்பதால் காதுக்கு இரட்டிப்பாகக் கேட்கிறது, காலும் அந்த இரட்டிப்பைப் பிடிக்கப் பார்க்கிறது. வியாழக்கிழமை வீட்டிலிருந்து கிளம்பும் வரை அவரைக் கேளுங்கள்; ஏரிக்கரையை அடைந்ததும் நிறுத்திவிடுங்கள். ஸ்க்ரக்ஸின் பாஞ்சோவையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அவருடைய மூன்று விரல் மீட்டலில் எட்டு சுரங்கள் பெரும்பாலும் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிகின்றன. நம் சொற்கட்டில் ‘தகிட தகிட தக’. கேட்பதற்கு அமிர்தம். ஆனால் இரண்டு கால் வைத்து அதன் உள்கணக்கோடு ஒட்டி ஓட முயன்றால் நடை தடுமாறும்.

நான் மிகவும் விரும்பிச் சொல்ல வந்தது மூன்று தட்டுப் பாடல்களைப் பற்றி. நான்கு தட்டுப் பாடலில் தட்டுக்கு ஒரு காலடி வைத்தால், அழுத்தமான முதல் தட்டு எப்போதும் ஒரே காலில்தான் விழும். 1950-இல் பாட்டி பேஜ் பாடிப் புகழ்பெற்ற ‘டென்னசி வால்ட்ஸ்’ போன்ற வால்ட்ஸ் பாடலில் ‘தகிட தகிட’ என்று போவதால் அழுத்தம் ஒரு முறை இடக்காலிலும் மறுமுறை வலக்காலிலும் மாறிமாறி விழுகிறது. அழுத்தமான தட்டில் காலை ஓங்கி ஊன்றும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், வலி வலக்காலில் மட்டும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமோ என்று எனக்குத் தோன்றுகிறது. நான் மருத்துவன் அல்லன். இசைக்காரனின் ஐயமாக மட்டும் கொள்ளுங்கள். ஓடத் தக்க வேகமுள்ள வால்ட்ஸ் குறைவு. கிடைத்தவற்றை ஞாயிறு ஓட்டத்தின் நடுவில் வையுங்கள்.

பதில்: மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

தம்பி, மேலே இருவரும் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். காலடியைப் பாட்டின் வசம் ஒப்படைப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. அல்சூர் ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் பயிற்சி மையத்தில் முதல் வாரமே கற்றுக்கொண்ட கணக்கு, விரைவு நடைக்கு நிமிடத்துக்கு 120 காலடி, டபுள் மார்ச் என்ற ஓட்ட நடைக்கு 180 என்பது. எல்லோரும் ஒன்றாகப் போவதற்காக ஏற்பட்ட கணக்கு அது. தனியாக ஓடும் மனிதனின் காலடிக் கணக்கு அவனுடைய கால் நீளத்தையும் வேகத்தையும் பொறுத்து மாறும். 160 உங்களுக்குப் பொருந்தலாம், 168 பொருந்தலாம். முதலில் பாட்டில்லாமல் ஒரு நிமிடம் ஓடி வலக்கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். அதற்கேற்ற பாட்டைப் பிறகு தேடுங்கள். பாட்டுக்காகக் காலை மாற்றாதீர்கள். கால் வலி உள்ளவர்கள் உடலுக்கு வெகு முன்னால் காலை நீட்டி ஊன்றாமல், காலடியைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கொஞ்சமே கூட்டிக்கொண்டால் தாங்கும் சுமை குறையும் என்பது என் அனுபவம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விடியுமுன் ஏரிச் சாலையில் ஓடும்போது இரண்டு காதையும் அடைக்காதீர்கள். பின்னால் வரும் வண்டியையும், உறக்கம் கலைந்து துரத்தும் நாயையும் காதுதான் முதலில் அறிகிறது. நாய் துரத்தினால் ஓடுவதை நிறுத்தி, நின்று, மெதுவாக நடக்க வேண்டும். அதற்கு அது வருவது முன்கூட்டியே தெரிய வேண்டும். ஞாயிறன்று கப்பன் பூங்காவின் உட்சாலைகளில் வண்டிகளை விடுவதில்லை. பாட்டைக் கேட்க அதைவிட நல்ல இடம் உங்களுக்கு அமையாது.

கேள்வி கேட்டவர், ஐந்து வாரங்களுக்குப் பின்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்ததில் வலி நீளவாக்கில் பரவியிருந்தது. ஆயினும் மருத்துவரிடம் காட்டி, விரிசல் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். முதல் இரண்டு வாரம் வியாழனை விட்டுவிட்டு மெல்லோட்டம் மட்டும் ஓடினேன். திருவள்ளுவர் சிலைப் பக்கம் நாள்தோறும் நான் முந்திச் செல்லும் பெரியவர் ஒருவர் என்னை முந்திச் சென்றபோது மனத்துக்குச் சற்றுக் கடினமாகத்தான் இருந்தது. இடக்காதில் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்த ஜிம் ரீவ்ஸோடு வரியை முடிக்க முடிந்ததால், மெதுவாகவே தொடர்ந்தேன்.

பாட்டில்லாமல் எண்ணியபோது 164 வந்தது. அப்படி ஓடிய முதல் காலையில்தான் என் காலடி ஓசையையே கேட்டேன். இடக்கால் மெல்ல விழுகிறது, வலக்கால் ‘பட்’டென்று அறைகிறது. மூன்று ஆண்டுகளாகப் பாட்டுக்கு அடியில் அந்த ஓசை இருந்திருக்கிறது, நான் அறியவில்லை. தம்பி சொன்னபடி அழுத்தமான தட்டில் ஓங்கி ஊன்றுவது காரணமா, ஐயா சொன்ன நீட்டி ஊன்றும் பழக்கமா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. இரண்டையும் திருத்திக்கொண்டு வருகிறேன். படிக்கட்டு இறங்கும்போது பத்து நாளாக வலி இல்லை. சென்ற வியாழன் 400 மீட்டர் ஆறு முறை ஓடினேன்; முதல் ஐந்தும் 2 நிமிடம் 15, 16 விநாடிக்குள் அமைந்தன, கடைசி மட்டும் 2 நிமிடம் 21 ஆயிற்று. வரும் வியாழன் 20 நிமிட ஓட்டம். ஞாயிறு ஓட்டத்துக்கு 82 தட்டில் இதுவரை ஒன்பது பாடல்கள் சேர்ந்திருக்கின்றன. ஓடத் தக்க வேகத்தில் மூன்று தட்டுப் பாடல் இரண்டுதான் கிடைத்தது. தாத்தாவின் இசைத்தட்டுகளில் வேறு ஏதேனும் இருந்தால், தம்பி, தயவுசெய்து எழுதுங்கள்.