புதுப்பிப்பு: இறப்பர் விமானம் மிதக்கிறது!

முறுக்கிய இறப்பர் பட்டி அவிழும் விசையில் விசிறி சுழன்று பறக்கும் என் மாதிரி விமானம், கையை விட்டதும் செங்குத்தாக எகிறி, பத்து வினாடிக்குள் மூக்குக் குத்தி விழுகிறது என்று போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். சிறகைச் சரிபார்க்கும்படி பலர் சொன்னீர்கள். சிறகில் பிழையில்லை. 15 சென்ரிமீற்றர் விசிறிக்கு இறப்பர்தான் மிதமிஞ்சிய தடிப்பு.

3 மில்லிமீற்றர் பட்டியை 20 சென்ரிமீற்றர் நீளத்தில் நான்கு இழையாகப் போட்டிருந்தேன். அதே பட்டியை அவிழ்த்து, 40 சென்ரிமீற்றரில் இரண்டு இழையாக்கினேன். எடை மாறவில்லை. ஆனால் முறுக்குவிசை ஏறத்தாழ மூன்றிலொன்றாகக் குறைய, தாங்கக்கூடிய சுற்றுகள் கிட்டத்தட்ட மூன்று மடங்காகின்றன. ஆமணக்கெண்ணெய் தடவி, நான்கு மடங்கு இழுத்துப் பிடித்து, முறுக்க முறுக்க மெல்ல முன்னால் வந்து 500 சுற்று ஏற்றினேன். இழுக்காமல் முறுக்கினால் இவ்வளவு ஏறாது, அறுந்துவிடும்.

ஞாயிறு காலை ஆறு மணி, கடற்காற்று எழுமுன், கொழும்பு காலிமுகத்திடல். விசிறி அவசரமின்றிச் சுழன்றது. 34 வினாடி! இறங்கும்போது மகள் புல்லில் ஓடிப்போய் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டாள்.

ஒரு குறை மீதமிருக்கிறது. இறப்பரை இரு முனையிலும் மாட்டும் கொக்கிகளுக்கிடையே உள்ள தூரத்தைவிட இறப்பர் நீளம் என்பதால், கடைசியில் தொய்ந்து வால்பக்கம் குவிகிறது. பின்னிப்போட்டால் தீரும், அடுத்த ஞாயிறு செய்து பார்க்கிறேன்.