பிராசஸ் மைனிங்: அகழ்வா, தட ஆய்வா?

அனைவருக்கும் வணக்கம்.

வணிகச் செயல்முறை மேலாண்மை மென்பொருள்களுக்கான சொற்பட்டியல் ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஒர்க்ஃப்ளோவுக்குப் பணிப்பாய்வு, டாஸ்குக்குப் பணி, அப்ரூவலுக்கு ஒப்புதல் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. இழுபறியாக நிற்பது பிராசஸ் மைனிங். ஒரு மொழிபெயர்ப்புக் கோப்பில் இதைச் ‘செயல்முறைச் சுரங்கம்’ என்று போட்டிருக்கிறார்கள். கேட்டால் நெய்வேலிதான் நினைவுக்கு வருகிறது.

மொழித் துறையிலிருந்து வந்த உறுப்பினர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நிறுவனத்தின் மென்பொருளில் யார் எப்போது என்ன செய்தாலும் ஒரு வரி பதிவாகிறது. அந்த வரிகளைத் திரட்டி, வேலை உண்மையில் எந்த வரிசையில் நடக்கிறது என்பதை வரைபடமாக்கும் துறை இது. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வில் வான் டெர் ஆல்ஸ்ட் குழுவினர் வளர்த்தெடுத்தது. அவர்களுடைய புரோம் மென்பொருள் 2004இல் வந்தது. 2009இல் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐஇஇஇ இதற்கென ஒரு பணிக்குழு அமைத்தது. 2011இல் அக்குழுவின் கொள்கை அறிக்கை வெளியானது. பிறகு பெரிய நிறுவனங்கள் இறங்கின: இத்துறை நிறுவனங்களில் சிக்னாவியோவை வணிக மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபியும் மைஇன்வெனியோவை ஐபிஎம்மும் 2021இல் வாங்கின, 2022இல் மைக்ரோசாஃப்ட் மினிட்டை வாங்கியது. ஆய்வுக்கூடச் சொல்லாக இருந்தது இன்று பட்டியில் ஒரு பொத்தானாகிவிட்டது. பொத்தானில் எழுத ஒரு சொல் வேண்டும்.

— பட்டியல் ஒருங்கிணைப்பாளர்

*

வணக்கம் ஐயா.

சுரங்கம் ஆகாது. அது இடத்தின் பெயர்; நமக்கு வேண்டியது வினை. டேட்டா மைனிங்கைப் பலரும் தரவு அகழ்வு என்று எழுதுகிறார்கள். அந்த வழியில் ‘செயல்முறை அகழ்வு’ எளிதாக அமையும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தரவு அகழ்வு என்றால் தரவுக்குள் தோண்டுவது. தரவு தோண்டப்படும் நிலம். செயல்முறை அகழ்வு என்றால் செயல்முறையைத் தோண்டி எடுப்பது. அது கிடைக்கும் பொருள். முன்னது ஏழாம் வேற்றுமைத் தொகை, பின்னது இரண்டாம் வேற்றுமைத் தொகை. இரண்டையும் ஒரே அச்சில் வார்த்தால் படிப்பவர் செயல்முறைக்குள் எதையோ தேடுகிறார்கள் என்றே எண்ணுவார். ‘செயல்முறை அகழாய்வு’ என்றால் கொஞ்சம் தேவலை. எஞ்சிய தடயங்களிலிருந்து நடந்ததை மீட்டெடுப்பது என்ற பொருள் அதில் உண்டு. தேடுபொறியில் கீழடியோடு கலந்துவிடும் என்பது வேறு கதை.

— தமிழாசிரியர், தஞ்சாவூர்

*

அம்மா சொன்ன வேற்றுமை விளக்கம் சரி. வேலையின் பக்கமிருந்து பார்த்தால் அகழ்வு, அகழாய்வு இரண்டுமே குறைபடுகின்றன.

இத்துறையில் மூன்று வேலைகள் உண்டு. பதிவிலிருந்து வரைபடம் கண்டெடுப்பது முதலாவது. ஏற்கெனவே வகுத்த வரைபடத்தோடு நடப்பை ஒப்பிட்டு, எங்கே விலகல் என்று காட்டுவது இரண்டாவது. வரைபடத்தின் மேல் காத்திருப்பு நேரம், செலவு போன்றவற்றை ஏற்றுவது மூன்றாவது. முதல் வேலையை மட்டும் அகழ்வு எனலாம். தணிக்கைக்காரர்களுக்கு வேண்டியதோ இரண்டாவது. அதில் தோண்ட எதுவுமில்லை.

மூன்றுக்கும் பொதுவாக இருப்பது பதிவு. அதில் குறைந்தது மூன்று நிரல்கள் (காலம்கள்) வேண்டும்: எந்த நேர்வு, என்ன செயல், எப்போது. நேர்வு என்று நான் எழுதுவது கேஸ், அதாவது தொடக்கம் முதல் முடிவுவரை பின்தொடரும் ஒரு தனி வேலை. வழக்கு என்றால் நீதிமன்ற வாடை. அரசாணைகளில் புழங்கும் நேர்வு பொருந்துகிறது. ஒரு நேர்வில் நடந்த செயல்களை நேர வரிசையில் அடுக்கினால் கிடைப்பது ட்ரேஸ், அதாவது தடம். ஒரே வரிசை கொண்ட தடங்கள் சேர்ந்தால் ஒரு தடவகை. ஆகவே என் முன்மொழிவு ‘செயல்தட ஆய்வு’.

இன்னொரு காரணமும் உண்டு. திட்டங்கள் பெரும்பாலும் சறுக்குவது நெறிமுறையில் (அல்காரிதத்தில்) அல்ல, பதிவு தயாரிப்பில். எஸ்ஏபியில் கொள்முதல் செயல்முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் ஆணையின் தலைப்பு ஈகேகேஓ அட்டவணையில் இருக்கிறது. அங்கே உருவாக்கிய தேதி உண்டு, மணி கிடையாது. அதை அப்படியே எடுத்தால் நேரம் 00:00 என்று விழும். அன்றைய நாளின் மற்ற எல்லாச் செயல்களுக்கும் முன்னால் ஆணை போய் உட்கார்ந்துகொள்ளும். பொருள் வந்த பிறகு கண்துடைப்புக்காகப் போட்ட ஆணையும் ஒழுங்கானதாகத் தெரியும்! எதைப் பிடிக்க வந்தோமோ அதுவே மறைந்துவிடுகிறது. மாற்றப் பதிவு அட்டவணையான சிடிஎச்டிஆரிலிருந்து தேதி, மணி இரண்டையும் எடுக்க வேண்டும். சரக்கு வரவுக்கு ஈகேபிஈ அட்டவணையில் கணக்குத் தேதியும் உண்டு, உள்ளிட்ட தேதியும் உண்டு. கணக்குத் தேதியைப் பின்தேதியிட்டுப் போடலாம் என்பதால் வரிசைக்கு அதை நம்பக் கூடாது. உள்ளிட்ட தேதியும் நேரமுமே தடம். இரவு 2 மணிக்குத் தொகுப்பாக ஓடும் பணிகள் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு ஒரே நேரமுத்திரை குத்தும். அவற்றுக்குள் முன்பின் கிடையாது. மென்பொருள் ஏதோ ஒரு வரிசையை ஊகித்து, இல்லாத தடவகைகளைப் பெருக்கும். சில அட்டவணைகள் உள்ளூர் நேரத்திலும் சில உலகப் பொது நேரத்திலும் (யுடிசி) பதிந்திருந்தால் ஐந்தரை மணி நேரப் பிழை சத்தமில்லாமல் நுழையும்.

— செயல்முறைப் பகுப்பாளர், சென்னை

*

> ஒரே வரிசை கொண்ட தடங்கள் சேர்ந்தால் ஒரு தடவகை

வணக்கம். ‘தடவகை’ நன்று. இலக்கணப்படி ‘செயற்றடம்’ என்றுதான் வரும். செயல்திறனைச் செயற்றிறன் என்று எழுதாத நாம் இங்கே மட்டும் ஏன் கறார் காட்ட வேண்டும்? செயல்தடம் இருக்கட்டும்.

இலங்கையில் நாங்கள் செயன்முறை என்றுதான் எழுதுவோம். பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடப் பரீட்சையும் செயன்முறைப் பரீட்சைதான். தமிழ்நாட்டில் அதுவே செய்முறைத் தேர்வு. மதுரைப் பக்கம் செய்முறை என்றால் மொய், சீர் என்றும் கேள்வி. இந்தக் குழப்பத்தில் சிக்காமல் செயல்தடம் தப்பிவிடுகிறது. இரு நாட்டுக்கும் பொதுவாக வைக்கலாம்.

ஒரு கேள்வி. ஒரு விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) இரண்டு கொள்முதல் ஆணைகளுக்கு வந்தால் அது எந்த நேர்வின் தடம்?

— மென்பொருள் விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

*

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள் ஐயா. இத்துறையின் இன்றைய பெரிய சிக்கலே அதுதான்.

ஓர் ஆணையில் 3 உருப்படிகள், சரக்கு 2 தவணையாக வருகிறது, விலைப்பட்டியல் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். உருப்படியை நேர்வாகக் கொண்டால் அந்த ஒரே விலைப்பட்டியல் மூன்று தடங்களிலும் படியெடுக்கப்படும். மொத்தம் 3 விலைப்பட்டியல் வந்ததாகக் கணக்கு காட்டும். தொகையைக் கூட்டினால் மும்மடங்கு. ஆணையையே நேர்வாகக் கொண்டால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 2 சரக்கு வரவுகள் ஒரே தடத்தில் அடுத்தடுத்து விழும். வேலை திரும்பத் திரும்ப நடப்பதுபோல் சுழல் ஒன்று வரைபடத்தில் முளைக்கும். முன்னதைக் குவிவு, பின்னதை விரிவு என்போம். எந்த நேர்வைத் தேர்ந்தாலும் ஒரு பொய் மிஞ்சுகிறது.

2016இல் ஐஇஇஇ 1849 என்ற தரமாக ஏற்கப்பட்ட எக்ஸ்இஎஸ் கோப்பு வடிவத்தில் ஒரு நிகழ்வு ஒரு தடத்துக்குள்தான் இருக்க முடியும். அதனால் ஒரு நிகழ்வை ஆணை, உருப்படி, விலைப்பட்டியல் போன்ற பல பொருள்களோடு இணைக்கும் ஓசெல் வடிவம் வந்தது, 2.0 பதிப்பு 2023இல். இந்த அணுகுமுறையைக் குறிக்கும் ஆப்ஜெக்ட் சென்ட்ரிக் என்பதற்குப் ‘பன்பொருள்’ போதும். ‘பொருள்மைய’ என்றால் பொருள்முதல்வாதம்போல ஒலிக்கிறது. பன்பொருள் செயல்தட ஆய்வு: நீளம்தான், ஆனால் வாயில் நிற்கிறது. இதில் வேலை கூடுதல் என்பதையும் சொல்ல வேண்டும். எந்தப் பொருள் எந்தப் பொருளோடு உறவு என்பதை முதலிலேயே வரையறுக்காவிட்டால் வரைபடம் கோடுகளின் சிக்கலாகிவிடும்.

— சென்னை

*

செயல்தட ஆய்வை நானும் ஆதரிக்கிறேன், வேறு காரணத்துக்காக. தடம் என்றால் யாருடைய தடம் என்ற கேள்வி கூடவே வருகிறது. வர வேண்டும்.

டாஸ்க் மைனிங் என்ற தம்பி ஒருவன் இருக்கிறான். அவன் ஊழியரின் கணினித் திரையில் சொடுக்குகளையும் தட்டச்சையும் படமாகவே எடுக்கிறான். அதைத் ‘திரைத்தட ஆய்வு’ என்று வைத்தால் என்ன நடக்கிறது என்பது பெயரிலேயே தெரியும். ஜெர்மனியில் ஊழியரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்க வல்ல கருவியைக் கொண்டுவர, பணியாளர் மன்றம் இருக்கும் நிறுவனத்தில் அதன் இசைவு வேண்டும்; பணியமைப்புச் சட்டம் 87ஆம் பிரிவு. அதனால் அங்கே பெயர் நிரலை முதலிலேயே புனைகுறியாக மாற்றுவது நடைமுறை. ஆனால் ஒரு பிரிவில் இருவர்தான் என்றால் குறியீடு எதையும் மறைக்காது. அங்கே ஆளை விட்டுவிட்டுப் பதவி அளவில் தொகுப்பதே வழி.

செயற்கை நுண்ணறிவு முகவர்கள் வந்தபின் தலைகீழ்ச் சிக்கல். விலைப்பட்டியலை முகவர் சரிபார்த்தால் பதிவில் ஒரே தொழில்நுட்பக் கணக்கின் பெயர்தான் விழுகிறது. எந்த நுண்ணறிவு மாதிரி (மாடல்), எந்தப் பதிப்பு அறிவுறுத்தல், எந்த மனிதர் ஒப்புதல் தந்தார் என்று தனி நிரல்கள் சேர்க்காவிட்டால், தவறு நடந்தபின் பின்தொடரத் தடமே இராது.

— தகவல் பாதுகாப்புத் தணிக்கையாளர், கோவை

*

நன்றி. பட்டியலில் ஏற்றியவை: செயல்தட ஆய்வு, பன்பொருள் செயல்தட ஆய்வு, திரைத்தட ஆய்வு, தடம், தடவகை, நேர்வு, நிகழ்வுப் பதிவேடு (ஈவென்ட் லாக்), நேரமுத்திரை.

நேர்வுக்கு எடுத்துக்காட்டாகத் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களின் ந.க. எண்ணைக் குறிக்கலாம். ஒரு தபால் வந்ததிலிருந்து முடிவுறும்வரை அந்த எண்ணின் கீழ்தான் நகர்கிறது. உதவியாளரின் தன்பதிவேடு கிட்டத்தட்ட நிகழ்வுப் பதிவேடே.

வகுத்த வரைபடத்தோடு நடப்பை ஒப்பிடும் இரண்டாவது வேலை, கன்ஃபார்மன்ஸ் செக்கிங், மட்டும் நிற்கிறது. ‘இணக்கச் சோதனை’ வேண்டாம் என்பது என் கருத்து. இணக்கம் சட்ட இணக்கத்துக்குப் போய்விட்டது. விலகல் எல்லாமே சட்டமீறல் என்ற தொனி வந்துவிடும். அவசரக் கொள்முதலில் ஒப்புதலைப் பின்னால் வாங்குவது விதிப்படியே அனுமதிக்கப்பட்டதாக இருக்கலாம், வகுத்த வரைபடத்தில் அந்தக் கிளையை வரைய மறந்திருக்கலாம். ‘தட ஒப்பீடு’ என்று தற்காலிகமாக எழுதிவைத்திருக்கிறேன். மாற்று இருந்தால் இந்த இழையிலேயே அனுப்புங்கள்.

— பட்டியல் ஒருங்கிணைப்பாளர்