‘மெடிக்கல் சர்வைலன்ஸ்’ – தொடர்நோக்கு எனலாமா?

நண்பர்களே,

நானோப்பொருள்களோடு (கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய துகள்கள், குழல்கள்) வேலை செய்பவர்களின் உடல்நலம் பற்றி எழுதும்போது ‘மெடிக்கல் ஸ்கிரீனிங்’, ‘மெடிக்கல் சர்வைலன்ஸ்’ இரண்டுக்குமே ‘மருத்துவப் பரிசோதனை’ போதும் என்று இங்கே சொல்லப்பட்டது. எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு பட்டறையில் பத்துப் பேர் கார்பன் நானோகுழல் தூளை அள்ளிக் கொட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு, மூச்சளவைக் காட்டும் ஸ்பைரோமீட்டர் கருவியின் குழாயில் மூச்சு தீரும்வரை ஊதுகிறார்கள். அறிகுறி தெரியும் முன்பே ஒருவருடைய கோளாறைக் கண்டுபிடிப்பது ஸ்கிரீனிங். பத்துப் பேருக்கும் ‘நார்மல்’ என்றே வரலாம். ஆனால் சில ஆண்டுத் தாள்களை அடுக்கிப் பார்த்தால், பத்துப் பேருக்குமே வயதுக்கு மீறி மூச்சளவு இறங்கியிருக்கலாம். அப்போது குறையை ஆளிடம் தேடக்கூடாது, பட்டறைக் காற்றில் தேட வேண்டும். அதைக் காட்டிக்கொடுப்பது சர்வைலன்ஸ்.

பணியிடப் பாதுகாப்பையும் தொழிலாளர் உடல்நலத்தையும் ஆராயும் அமெரிக்க அரசின் நையாஷ் (NIOSH) நிறுவனம் 2009-இல், நானோதுகள்களுக்கென்று தனி ஸ்கிரீனிங்கைப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்றது. ஆனால் பணியிட ஆபத்துகள்மீதான சர்வைலன்ஸ் வேண்டும் என்றது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இந்த வாக்கியத்தை எப்படித் தமிழில் எழுதுவது? 2013-இல் கார்பன் நானோகுழலுக்கும் கார்பன் நானோ இழைக்கும் ஸ்கிரீனிங்கையும் பரிந்துரைத்தது. காற்றில் ஒரு கனமீட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்று எட்டு மணிநேரச் சராசரி வரம்பும் வைத்தது. இது எவ்வளவு குறைவு என்று பாருங்கள்: பொடியுப்பின் ஒரு துகள் ஏறக்குறைய 60 மைக்ரோகிராம். ஐந்துக்கு நான்கு மீட்டர் அறை, மூன்று மீட்டர் உயரம். அதில் அந்த ஒரு துகளின் எடையளவு நானோகுழல் தூள் பரவினாலே வரம்பு எட்டிவிடும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். சர்வைலன்ஸுக்குக் ‘கண்காணிப்பு’ என்றதும் கேமராவும் சூப்பர்வைசரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஸ்கிரீனிங்குக்கு ‘வடிகட்டல்’ வேண்டவே வேண்டாம். வேலையிலிருந்து வடிகட்டப் போகிறார்கள் என்று தொழிலாளி பயந்தால் ஊதவே வரமாட்டார். ‘திரையிடல்’ சினிமாக் கொட்டகைக்குப் போய்விடும்.

என் பரிந்துரை: ஸ்கிரீனிங் – முன்னறி சோதனை. சர்வைலன்ஸ் – தொடர்நோக்கு. அப்புறம் நலத்தொடர்நோக்கு, இடர்த்தொடர்நோக்கு என்று வேண்டியபடி சேர்த்துக்கொள்ளலாம். ‘நலநோக்கு’ என்று சுருக்கினால் பொதுநல நோக்கம் என்று பொருள் திரியும், அதனால் ‘தொடர்’ அவசியம். நானோவை நானோவாகவே விடலாம். ‘நுண்’ ஏற்கெனவே மைக்ரோவுக்குப் போய்விட்டது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “தூள் நிரப்பும் பிரிவில் முன்னறி சோதனையில் யாருக்கும் குறையில்லை; நலத்தொடர்நோக்கில் எல்லோருக்கும் மூச்சளவு இறங்குவது தெரிந்ததால் காற்றிழுப்பான் மாற்றப்பட்டது.” எனக்கு இடறவில்லை. உங்களுக்கு இடறினால் எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்.