ஒரு ஸ்டேஷனில் இறங்கி அடுத்த ஸ்டேஷனுக்கு நடக்க: கடலூர்ப் பக்கம் எந்த வழி நல்லது?

லாஸ்பேட்டைவாசி:
வணக்கம். நான், வீட்டுக்காரர், பன்னிரண்டு வயது மகள், மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாசஞ்சரில் போய் ஏதாவது சின்ன ஸ்டேஷனில் இறங்கி, வயல்வெளி வழியாக அடுத்த ஸ்டேஷன் வரை நடந்து, அங்கே வண்டி பிடித்துத் திரும்ப ஆசை. பைக்கில் போனால் விட்ட இடத்துக்கே வந்தாக வேண்டும், அது வேண்டாம். பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும் நடுவே தூரம் கம்மியாகத் தெரிகிறது. சரிவருமா? வழி தெரியாவிட்டால் தண்டவாளத்தை ஒட்டியே போய்விடலாமா?

முதுநகர் சர்வேயர்:
அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தண்டவாளப் பக்கமே போகாதீர்கள். 1989ஆம் வருட ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவில் அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள், இப்போது மின்சார என்ஜின். பின்னால் வருவது காதில் விழாது. குழந்தையை வைத்துக்கொண்டு அந்த யோசனையே வேண்டாம்.

பரங்கிப்பேட்டை – கிள்ளை வேண்டாம். குறுக்கே வெள்ளாறு. ரயிலுக்குப் பாலம் இருக்கிறது, அது நடக்கிறவர்களுக்கானது இல்லை. வல்லம்படுகைக்கும் கொள்ளிடம் ஸ்டேஷனுக்கும் நடுவே கொள்ளிடம் ஆறு, அங்கேயும் இதே கதைதான். நம் பக்கத்து ஆறுகளெல்லாம் கிழக்கே கடலுக்கு ஓடுகின்றன, ரயில் வடக்கே இருந்து தெற்கே போகிறது. அதனால் தூரத்தைப் பார்த்து ஸ்டேஷன் தேர்ந்தெடுக்காதீர்கள், நடுவில் ஆறு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, எப்போதும் சின்ன ஸ்டேஷனில் இறங்கி பெரிய ஸ்டேஷனைப் பார்த்து நடக்க வேண்டும். சின்ன ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நிற்காது, ஒரு பாசஞ்சரை விட்டால் சாயங்காலம் வரை பிளாட்பாரத்தில் உட்கார வேண்டியதுதான். கிள்ளையில் இறங்கி சிதம்பரத்துக்கு நடங்கள். சுற்றிப் போனாலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கும். சிதம்பரத்தில் ரயில் கிடைக்காவிட்டால் கடலூர் பஸ் எந்நேரமும் உண்டு.

வழிக்கு, போன் மேப்பை மட்டும் நம்பாமல் கிராம வரைபடம் பாருங்கள். நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன். வண்டிப்பாதை என்பது தனி சர்வே எண்ணோடு புறம்போக்காக இருக்கும், யார் வேண்டுமானாலும் நடக்கலாம். வரப்பு அப்படியில்லை, அது பட்டாதாரர் நிலம். போனில் இரண்டும் ஒரே மாதிரி பச்சைக்கு நடுவே ஒரு கோடாகத்தான் தெரியும். நேரில் போனால் ஓரத்தில் பாதி புதைந்த சர்வே கல் இருக்கும், மண்ணைத் தட்டிவிட்டால் தலையில் வெட்டின கோடு தெரியும். பாதை அகலமாகப் போய்த் திடீரென்று ஒற்றை வரப்பாகச் சுருங்கினால், யாரோ புறம்போக்கைச் சேர்த்து உழுதுவிட்டார் என்று அர்த்தம். அங்கே சண்டை போடாமல், வேலை செய்கிறவர்களிடம் "இப்படிப் போகலாமா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே கூட நாலு எட்டு வந்து வழிகாட்டிவிட்டுப் போவார்கள்.

இன்னொன்று. மேப்பில் ரயில்வே கேட் என்று இருக்கும் சில இடங்களில் கேட்டை எடுத்துவிட்டு சுரங்கப்பாதை போட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த நடையே வேண்டாம். தை, மாசிதான் காலம்.

வடலூர் மணி:
ஐயா சொன்னதோடு எங்கள் லைனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலூர் முதுநகர் – விருத்தாசலம் பாதையில் குறிஞ்சிப்பாடியில் இறங்கி வடலூருக்கு நடக்கலாம். சேலம் ரோட்டைப் பிடித்துப் போனால் லாரிதான், ஊர்களுக்குள் புகுந்து வாருங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு வர வேண்டாம். வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலையில் அன்று ஏற்றிய அடுப்பு இன்னும் எரிகிறது, பசியோடு வருகிறவரை யாரென்று கேட்காமல் உட்கார வைத்து இலை போடுவார்கள். கால் தாங்கினால் மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் தங்கியிருந்த சித்திவளாகம் வரை போய் வரலாம். இந்த லைனில் வண்டி குறைவு, ஆனால் வடலூர் நாலு ரோட்டில் எந்தத் திசைக்கும் பஸ் உண்டு. தைப்பூசத்தன்று மட்டும் வராதீர்கள், நடக்க இடமே இருக்காது.

கிள்ளைப் பெண்:
அக்கா, எங்கள் பக்கம் வாருங்கள், நல்லா இருக்கும். தை கடைசியில் அறுப்பு. ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டு ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள், அதன் மேல் மிதிக்காமல் போகச் சொல்லுங்கள் பாப்பாவை. நிழல் கிடையாது. பத்து மணிக்கு மேல் வெயில் நேராகத் தலையில் அடிக்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனை விட்டால் வழியில் கடை எங்கே வரும் என்று சொல்ல முடியாது, தண்ணீர் கையில் இருக்கட்டும்.

லாஸ்பேட்டைவாசி:
எல்லோருக்கும் நன்றி. மகள் இதுவரை நீண்ட தூரம் நடந்ததில்லை. முதல் தடவைக்குக் கிள்ளை அதிகமோ? புதுச்சேரியிலிருந்து காலை வண்டிக்கு எப்படி வந்து சேர்வது?

முதுநகர் சர்வேயர்:
அப்படியென்றால் முதலில் வரக்கால்பட்டு. புதுச்சேரியிலிருந்து ரயிலில் வந்தால் விழுப்புரம் சுற்ற வேண்டும், அது வேண்டாம். கடலூருக்கு பஸ்ஸில் வந்துவிடுங்கள், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன். விழுப்புரம் போகும் பாசஞ்சரில் வரக்கால்பட்டு அடுத்த நிறுத்தம். அங்கே இறங்கி திருவந்திபுரம் வந்து, மலைப்படி ஏறி ஹயக்ரீவரைப் பார்த்துவிட்டு, கடலூருக்கே நடந்து திரும்புங்கள். மொத்தமும் அரை நாள் வேலை. பாப்பாவுக்குக் கால் வலித்தால் திருவந்திபுரத்திலிருந்து டவுன் பஸ் இருக்கிறது. பஞ்சாங்கத்தில் முகூர்த்த நாளா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். முகூர்த்தத்தன்று அந்த ஊரில் கல்யாணம் மேல் கல்யாணம், வேன்களுக்கு நடுவில் குழந்தையை இழுத்துக்கொண்டு நடக்க முடியாது. பாசஞ்சர் நேரம் அடிக்கடி மாறுகிறது, முந்தின நாள் ராத்திரி ஆப்பில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.