‘கமிட்’டுக்கு ‘உறுதிசெய்’ வேண்டாம், ‘ஊன்று’ வைப்போம்

வணக்கம்.

நெட்வொர்க் சுவிட்ச்களின் (கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் கருவிகளின்) மென்பொருளை மேம்படுத்தும் தமிழ்க் கையேட்டுக்கான சொற்களில், ‘கமிட்’ (commit) என்ற கட்டளைக்கான சொல் மட்டும்தான் இழுபறியில் நிற்கிறது. ‘உறுதிசெய்’ போதும் என்பவர்களுக்கு என் மறுப்பு இது.

சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9000 வரிசையில், இன்ஸ்டால் முறையில் ஐஓஎஸ் எக்ஸ்இ என்ற இயக்க மென்பொருளின் பதிப்பை மாற்ற மூன்று கட்டளைகள். ‘இன்ஸ்டால் ஆட்’ கோப்பைப் பிரித்து, ஸ்டாக்கில் (ஒரே சுவிட்சாக இயங்கும்படி இணைத்த தொகுப்பில்) உள்ள எல்லாச் சுவிட்ச்களின் ஃபிளாஷ் நினைவகத்திலும் போடும். ‘இன்ஸ்டால் ஆக்டிவேட்’ சுவிட்சை ரீலோடு (மறுதொடக்கம்) செய்து புதிய பதிப்பில் எழுப்பும். கூடவே ஒரு கடிகாரமும் ஓடத் தொடங்கும். நாம் மாற்றாவிட்டால் அது 120 நிமிடம். அதற்குள் ‘இன்ஸ்டால் கமிட்’ தரவில்லையென்றால் சுவிட்ச் தானாக இன்னொருமுறை ரீலோடு ஆகிப் பழைய பதிப்புக்கே போய்விடும். நள்ளிரவில் மாற்றி, போர்ட் விளக்குகள் பச்சையாக எரிவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், இரண்டு மணி நேரம் கழித்து மொத்தத் தளமும் இணைப்பை இழக்கும். சுவிட்சில் பழுது எதுவும் இருக்காது. இவ்வளவு எடையுள்ள சொல் கையேட்டில் வேறு எதனோடும் குழம்பக் கூடாது.

‘உறுதிசெய்’ குழம்புகிறது. ஃபிளாஷுக்கு நகலெடுத்த கோப்பின் எம்டி5 மதிப்பை, அதாவது கோப்பு சிதையவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணைத், தயாரிப்பாளர் தந்த மதிப்போடு ஒப்பிடும் படிக்கு “கோப்பை உறுதிசெய்க” என்றுதான் எழுதுவோம். ரீலோடுக்குப் பின் பதிப்பு எண், ஸ்டாக் உறுப்பினர்கள், அப்லிங்க் (வலையமைப்பின் மற்ற பகுதியோடு சேர்க்கும் இணைப்பு) எல்லாம் சரியா என்று பார்ப்பதற்கும் அதே வினை. ஜூனிபர் நிறுவனத்தின் இயக்க மென்பொருளான ஜூனோஸுக்கு வந்தால் சிக்கல் முற்றிவிடும். அங்கே அமைப்பு (configuration) மாற்றங்களுக்கு ‘கமிட் கன்ஃபர்ம்டு’ என்றே ஒரு கட்டளை உண்டு. 10 நிமிடத்துக்குள் மறுபடி கமிட் தராவிட்டால் பழைய அமைப்பு திரும்பிவிடும். அதை ‘உறுதிசெய்த உறுதிசெய்தல்’ என்றா எழுதுவது?

‘நிலைநிறுத்து’ என்றால் அவசரத்தில் படிப்பவர் கண்ணில் ‘நிறுத்து’தான் முதலில் படும். ‘நிரந்தரமாக்கு’ உண்மையே இல்லை. கமிட் கடிகாரத்தை மட்டும்தான் அணைக்கிறது. பழைய கோப்புகள் ஃபிளாஷில் இருக்கும்வரை ரோல்பேக் செய்து பழைய பதிப்புக்குத் திரும்பலாம். ‘இன்ஸ்டால் ரிமூவ் இனாக்டிவ்’ கொடுத்து அவற்றை அழித்த பிறகே அந்த வழி அடைபடும்.

என் பரிந்துரை ‘ஊன்று’. குழியில் இறக்கிய கம்பம் ஆள் பிடித்திருக்கும்வரை நிற்கும். ஊன்றிய பிறகுதான் கையை எடுக்கலாம். வேண்டாமென்றால் பிடுங்கவும் முடியும். ஆக்டிவேட், கமிட், ரோல்பேக் மூன்றும் நடந்துகொள்வது அப்படியே.

திரிபுகளும் எளிதாக அமைகின்றன. ‘ஷோ இன்ஸ்டால் சம்மரி’யில் பதிப்புக்கு நேரே வரும் ‘யூ’ ஊன்றாத பதிப்பு, ‘சி’ ஊன்றிய பதிப்பு. ஜூனோஸ் கட்டளை ‘உறுதி கேட்கும் ஊன்றல்’ ஆகும். ‘ஊன்றிப் படி’ என்ற வழக்கோடு மோதுமே என்றால், மோதாது; இங்கே எப்போதும் ‘பதிப்பை’ என்ற செயப்படுபொருள் முன்னால் வரும்.

கையேட்டில் “சேர்க்க, இயக்குக, சரிபார்க்க, ஊன்றுக” என்று நான்கு படிகளாகப் பிரித்தே எழுத வேண்டுகிறேன். ஆட், ஆக்டிவேட், கமிட் மூன்றையும் ஒரே வரியில் தரச் சுவிட்ச் அனுமதிக்கும். ஆனால் அப்படித் தந்தால் சரிபார்க்கும் முன்பே பதிப்பு ஊன்றப்பட்டுவிடும். தொலைவில் உள்ள சுவிட்ச் புதிய பதிப்பில் அப்லிங்க் இல்லாமல் எழுந்தால், தானாகப் பழையதுக்குத் திரும்பக் கடிகாரம் இருக்காது; சுவிட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளோடு ஆள் போக வேண்டியதுதான்.